விமானம் வராத நாளுக்கு ஒரு கூடாரம்

அலாஸ்காவில், ஃபேர்பேங்ஸ் நகரத்தில், வேட்டைக்காரர்களைக் காட்டுக்குள் கொண்டுபோய் இறக்கும் ஒரு சின்ன விமான நிறுவனத்தில் 11 சீசன் வேலை பார்த்தேன். நான் பைலட் இல்லை. வேட்டைக்காரனும் இல்லை, துப்பாக்கியைத் தூக்கி வைத்ததோடு சரி. என் வேலை மூட்டைகளை எடை போடுவது. யார் எதைக் கட்டிக்கொண்டு போனார்கள், திரும்பி வரும்போது எதைத் திட்டிக்கொண்டே வந்தார்கள் என்பதையெல்லாம் தராசுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தவன். இந்தத் தடவை வந்த கடிதங்கள் பெரும்பாலும் கூடாரம் பற்றியவை.

கேள்வி: ஐயா, செப்டம்பர் முதல் வாரம் நானும் என் நண்பரும் கேரிபூ (வடதுருவப் பக்கத்து மான்) வேட்டைக்குப் போகிறோம். புரூக்ஸ் மலைத்தொடருக்கு வடக்கே, 7 நாள். சூப்பர் கப் என்ற சின்ன விமானத்தில் ஒவ்வொருவராகக் கொண்டுபோய் இறக்குவார்களாம். ஆளுக்கு 50 பவுண்டு சாமான்தான் அனுமதி. நண்பர், தரைத்துணி இல்லாத கூம்புக் கூடாரமும் அதற்குள் வைக்கிற டைட்டேனியம் விறகடுப்பும் வாங்கலாம் என்கிறார். நான் 3 பவுண்டுக்கும் குறைவான இருவர் கூடாரம் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். எதை வாங்கலாம்?
— ஹூஸ்டனிலிருந்து ஒரு வாசகர்

பதில்: இரண்டும் வேண்டாம். கோபித்துக்கொள்ளாமல் மேலே படியுங்கள்.

முதலில் உங்கள் நண்பரிடம் ஒன்று கேளுங்கள். அந்த அடுப்பில் எதை எரிப்பார்? புரூக்ஸ் மலைத்தொடருக்குத் தெற்கே என்றால் ஸ்ப்ரூஸ் மரங்கள் உண்டு. காய்ந்த கிளையை ஒடித்து அடுப்பில் போட்டால் பத்து நிமிடத்தில் ஈரக் காலுறை ஆவி விடும். அந்தச் சுகத்தை நான் குறை சொல்ல மாட்டேன். மலையைத் தாண்டி வடக்கே போய்விட்டால் எரிக்க லாயக்கான மரம் கிடையாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆற்றோரத்தில் வில்லோ புதர் இருக்கும். விரல் பருமன் குச்சி, அதுவும் ஒரு வாரமாக மழையில் ஊறியது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஊட்டாவிட்டால் அணைந்துவிடும். இரண்டரை மூன்று பவுண்டு அடுப்பைத் தூக்கிக்கொண்டு போய் அதற்கு ராத்திரி முழுக்கத் தீனி போட்டுக்கொண்டிருக்க வேண்டுமா? நடு இரவில் புகை முட்டி, கார்பன் மோனாக்சைடு சேரும் ஆபத்து வேறு.

கூம்புக் கூடாரத்தில் இன்னொரு சங்கதி உண்டு. எல்லாப் பாரமும் நடுக்கால் ஒன்றின் மேல். துந்திரா நிலத்தில் மேலே பாசி மெத்தை, கீழே நிரந்தர உறைநிலம். காற்று அடிக்க அடிக்க நடுக்கால் பாசிக்குள் இறங்கும், துணி தொய்யும். சட்டி மூடியையோ தட்டைக் கல்லையோ கீழே வைத்து ஒப்பேற்றலாம்தான். அப்புறம் தரைத்துணி இல்லாததால் ஈரப் பாசியின் மேலேயே படுக்கை. தென்பக்கம் காட்டுக்குள் போகிற காலத்தில் நண்பர் சொல்வதைக் கேளுங்கள், இந்தப் பயணத்துக்கு வேண்டாம்.

இனி உங்கள் 3 பவுண்டு கூடாரம். அட்டையில் இரண்டு எடை போட்டிருப்பார்கள். பெரிய எழுத்தில் இருப்பது குறைந்தபட்ச எடை. அதாவது மேல்துணி, உள்கூடாரம், கம்பிகள், அவ்வளவுதான். முளை, இழுகயிறு, உறை எதுவும் அதில் சேராது. முளை இல்லாமல் எந்தக் கூடாரம் நிற்கும்? "ஐயோ, என் டென்ட் இரண்டே முக்கால் பவுண்டுதானே" என்று சொன்ன எத்தனையோ பேருடைய பையை நான் தராசில் வைத்து மூன்றே முக்கால் காட்டியிருக்கிறேன். (சொந்த எடையிலும் இதே கதைதான். ஆண்கள் எல்லோரும் 10 பவுண்டு குறைத்துத்தான் சொல்வார்கள். பூட்ஸோடு தராசில் ஏறச் சொன்னால் முகம் மாறும்.)

எடையை விடுங்கள், பெரிய விஷயம் வேறு. இருவர் கூடாரம் என்றால் இரண்டு மெத்தையைப் பக்கத்தில் பக்கத்தில் விரிக்க இடம், அவ்வளவுதான். உங்களோடு இரண்டு துப்பாக்கி, இரண்டு ஈர மழைச்சட்டை, சேறு பிடித்த பூட்ஸ், முதுகுப்பை எல்லாம் இருக்கும். நீங்கள் 7 நாள் என்கிறீர்கள். நான் 10 என்று எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் 8-ஆவது நாள் விமானம் வரும் என்று எந்தப் பைலட்டும் சத்தியம் செய்து தர மாட்டார். மேகம் கணவாயில் இறங்கிவிட்டால் சூப்பர் கப் வராது. பனிமூட்டம் இரண்டு நாள் நிற்கும், மூன்று நாள் நிற்கும். அந்த நாட்களில் வேட்டை இல்லை, நடை இல்லை, இரண்டு ஆண்பிள்ளைகள் ஒரு துணிக்குள் படுத்துக் கிடக்க வேண்டும். கூடாரத்துக்கு உண்மையான பரீட்சை அந்த நாட்களில்தான்.

நான் அனுபவித்திருக்கிறேன். ஒரு செப்டம்பரில், வேலை மந்தமாக இருந்த சமயம், இறைச்சி சுமக்க ஆள் வேண்டும் என்று ஒரு நண்பர் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். 4 நாள் என்று போனவர்கள் 8 நாள் இருந்தோம். எங்களுடையது ஒற்றைத் துணிக் கூடாரம், நைலான். நைலான் மழையில் நனைந்தால் நீளும். ராத்திரி இறுக்கிக் கட்டிவிட்டுப் படுத்தால் ஒரு மணி நேரத்தில் துணி தொங்கிப் படுக்கைப்பையின் மேல் படும். பட்ட இடம் நனையும். இரண்டு பேர் விடும் மூச்சு துணியின் உட்புறத்தில் நீராகப் படிந்து, விடியற்காலை குளிரில் மெல்லிய பனித்தூளாக உறைந்து நிற்கும். யாராவது புரண்டால் அது முகத்தில் கொட்டும். அரிசிமாவு சலித்த மாதிரி. ஐந்தாம் நாள் காற்றில் ஒரு கம்பி, இணைப்பு இருக்கும் இடத்தில் பிளந்தது. அதற்கென்றே கூடாரத்தோடு ஒரு சின்ன அலுமினியக் குழாய் தருவார்கள், உடைந்த இடத்தின் மேல் மாட்டிக்கொள்ள. கிளம்பும் முன் "இது எதுக்கு?" என்று அதை எடுத்து மேசையில் வைத்தவன் நான்தான். மிச்சப்பட்டது ஒரு அவுன்ஸ்கூட இருக்காது. முளை ஒன்றைக் கம்பியோடு சேர்த்து டேப் சுற்றி மிச்ச நாளை ஓட்டினோம்.

ஆக, என் யோசனை இது. மூன்று பேருக்கானது என்று எழுதியிருக்கும் இரட்டைத் துணிக் கூடாரம், அதாவது மேல்துணி தனி, உள்கூடாரம் தனி. கடும் காற்றுக்கென்று செய்த வகை, குகை மாதிரி நீளமானதோ, கம்பிகள் பல இடத்தில் குறுக்கே பின்னும் குவிமாடமோ. கம்பி அலுமினியமாக இருக்கட்டும். கார்பன் இழைக் கம்பி இன்னும் லேசு, ஆனால் உடையும்போது சிதறி உடையும், காட்டில் ஒட்டுப்போட முடியாது. மேல்துணி தரை வரைக்கும் இறங்கியிருக்க வேண்டும். வாசலுக்கு வெளியே திண்ணை மாதிரி கொஞ்சம் இடம் விட்டிருக்க வேண்டும், பூட்ஸும் ஈரச்சட்டையும் அங்கே கிடக்கட்டும். இப்படி ஒன்று முளை, கயிறு, உறை எல்லாம் சேர்த்து 7 முதல் 8 பவுண்டு வரும்.

"50 பவுண்டில் 8 பவுண்டா?" என்பீர்கள். இரண்டு பேர் பகிர்ந்தால் ஆளுக்கு 4. நீங்கள் துணி, அவர் கம்பி. இப்போது தராசில் ஏற்றிப் பார்ப்போம். தொலைநோக்கியோடு துப்பாக்கியும் தோட்டாவும் 9 பவுண்டு. படுக்கைப்பையும் மெத்தையும் 5. முதுகுப்பை 6. உடுத்தியது போக மிச்ச உடுப்பு 6. அடுப்பு, சட்டி, கத்தி, இறைச்சிப்பை, மருந்து, சில்லறைச் சாமான் 5. உணவு நாளுக்கு ஒன்றரை பவுண்டு, 10 நாளுக்கு 15. கூட்டினால் 46, மிச்சம் 4. இடம் இருக்கிறது. ஆனால் இரண்டாவது ஜோடி ஜீன்ஸுக்கும் மூன்றாவது கத்திக்கும் இடமில்லை. தராசில் எடை ஏறினால் ஜனங்கள் முதலில் கை வைப்பது கூடாரத்தின் முளைகளில். கடைசியில் கை வைப்பது தின்பண்டத்தில். இதைத் தலைகீழாகச் செய்யுங்கள்.

துணி வகை கேட்பீர்கள். சிலிக்கான் பூசிய நைலான் லேசில் கிழியாது, ஆனால் சொன்னேனே, நீளும். சிலிக்கான் பூசிய பாலியெஸ்டர் அவ்வளவு நீளாது, கட்டினபடி நிற்கும். டைனீமா துணி நீரே குடிக்காது, நீளவும் நீளாது, எடையும் சொற்பம். விலையைப் பார்த்தால் தலை சுற்றும். அதோடு அது பாலிஎத்திலீன் இழை, 150 டிகிரி செல்சியஸுக்கு உள்ளேயே உருகும். நைலான் 220-ஐயாவது தாண்டும். அடுப்புப் பக்கம் டைனீமாவைக் கொண்டுபோகாதீர்கள்.

முளை விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். துந்திராவில் இரண்டு விதமான தரைதான் வாய்க்கும். பாசிமேட்டில் குத்தினால் முளை வெண்ணெய்க்குள் போகிற மாதிரி போகும், அதே மாதிரி வெளியேயும் வரும். கொஞ்சம் ஆழம் போனால் 'டங்' என்று ஒரு சத்தம், கல் இல்லை, பனிக்கட்டி. ஆற்று மணல்திட்டில் குத்தினால் கூழாங்கல் பிடியே கொடுக்காது. அதனால் கூடார உறை, படுக்கைப்பை உறை எல்லாவற்றிலும் சரளைக்கல் நிரப்பி, கயிற்றைக் கட்டிப் புதையுங்கள். அதற்குத் தோதாக ஒவ்வொரு முனைக்கும் ஒரு மீட்டர் கூடுதல் கயிறு எடுத்துக்கொள்ளுங்கள். மணல்திட்டில் விமானம் இறங்குவது சௌகரியம் என்பதால் அங்கேயே கூடாரம் போடத் தோன்றும். மேலே எங்கோ மலையில் மழை பெய்தால் ராத்திரியோடு ராத்திரியாக ஆறு ஏறும். கரையில் காய்ந்த சருகும் குச்சியும் ஒதுங்கிய கோடு தெரியும் பாருங்கள், அதற்கு மேலே போய்ப் போடுங்கள்.

இடம் தேட அவசரம் ஒன்றும் இல்லை. அலாஸ்கா சட்டப்படி, பெரிய மிருக வேட்டைக்குப் பெரும்பாலும், விமானத்தில் போன நாளுக்கு அடுத்த நாள் அதிகாலை 3 மணி வரை சுடக் கூடாது. முதல் நாள் மாலை முழுக்கக் கூடாரத்துக்குத்தான். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று கொஞ்ச நேரம் சும்மா நின்று பாருங்கள். குகைக் கூடாரம் என்றால் அதன் ஒடுங்கிய முனை காற்றைப் பார்க்க வேண்டும்.

ஒன்று விட்டுவிட்டேன். கூடாரத்தோடு ஒரு பவுண்டு எடையில் ஒரு தார்ப்பாயும் எடுத்துக்கொள்ளுங்கள், 3 மீட்டருக்கு 3 மீட்டர். அந்த எடையைத் தின்பண்டத்தில் குறைத்துக்கொள்ளுங்கள். மழையில் அதன் அடியில் சமைக்கலாம். கேரிபூ விழுந்த பிறகு அதுவே இறைச்சிக்குக் கூரை. சாப்பிடத் தகுந்த இறைச்சியைக் காட்டில் விட்டுவிட்டு வருவது அங்கே குற்றம். நன்கு வளர்ந்த ஆண் கேரிபூ 350 முதல் 400 பவுண்டு இருக்கும், எலும்பு நீக்கினாலும் 100 பவுண்டுக்கு மேல் இறைச்சி வரும். அதை நனையாமலும் காற்றோட்டமாகவும் வைக்க வேண்டும். விமானம் வராத மூன்று நாளும் அது கெடாமல் இருப்பது அந்தத் தார்ப்பாயின் புண்ணியம்.

கேள்வி: அண்ணா, என் கணவர் முதல்முறையாக இப்படி ஒரு வேட்டைக்குப் போகிறார். எனக்குத் தூக்கமே வரவில்லை. கரடி வந்தால் இந்த மெல்லிய கூடாரம் என்ன செய்யும்? கெட்டித் துணியாக வாங்கச் சொல்லட்டுமா?
— சியாட்டிலிலிருந்து ஒரு வாசகி

பதில்: தங்கச்சி, கரடிக்கு லேசான துணியும் ஒன்றுதான், கெட்டித் துணியும் ஒன்றுதான். அதனால் காசைத் துணியில் போட வேண்டாம்.

கூடாரத்தின் பக்கத்தில் என்ன வாசனை இருக்கிறது என்பதைத்தான் கவனிக்க வேண்டும். படுக்கிற இடம், சமைக்கிற இடம், இறைச்சி வைக்கிற இடம் மூன்றும் தனித்தனியாக, ஒன்றுக்கொன்று 100 கஜமாவது தள்ளி இருக்கட்டும். காற்று வருகிற பக்கம் கூடாரம், அது போகிற பக்கம் சமையலும் இறைச்சியும். இறைச்சியைப் புதருக்குள் ஒளித்து வைக்கக் கூடாது. கூடார வாசலிலிருந்தே தெரிய வேண்டும். காலையில் அங்கே போகும் முன் தூரத்திலேயே நின்று, ஏதாவது படுத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போகலாம். ராத்திரி சட்டைப்பையில் சாக்லேட் வைத்துக்கொண்டு படுக்கிற பழக்கம் உங்கள் வீட்டுக்காரருக்கு உண்டா? எனக்கு உண்டு. விட்டுவிடச் சொல்லுங்கள்.

இதையும் மீறிக் கவலை என்றால், கூடாரத்தைச் சுற்றிப் போடுகிற பேட்டரி மின்வேலி கிடைக்கிறது. மெல்லிய கழிகள், கம்பி, ஒரு சின்னப் பெட்டி, எல்லாம் சேர்ந்து மூன்று நான்கு பவுண்டு. எங்கள் தராசில் ஏறிய சாமான்களில், திரும்பி வந்த யாரும் "வீணாகச் சுமந்தேன்" என்று சொல்லாதவை இரண்டு. ஒன்று இந்த வேலி. இன்னொன்று செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்புகிற கருவி. அது இருந்தால் "பனிமூட்டம், நாளை வராது, நலம்" என்று ஒரு வரி உங்களுக்கு வரும். அதை வாங்காமல் அனுப்பாதீர்கள்.

கரடியை விரட்ட அடிக்கும் மிளகாய் ஸ்ப்ரேயைச் சியாட்டிலில் வாங்கிப் பெட்டியில் வைக்க வேண்டாம். பயணிகள் விமானத்தில் கைப்பையிலும் விட மாட்டார்கள், பெட்டியிலும் விட மாட்டார்கள். அடுப்புக்கான எரிவாயுக் குப்பியும் அப்படியே. இரண்டையும் ஃபேர்பேங்ஸில் இறங்கி வாங்கிக்கொள்ளட்டும். சின்ன விமானத்தில் ஏறும்போது ஸ்ப்ரே இருக்கிறது என்று பைலட்டிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தண்ணீரில் இறங்கும் விமானம் என்றால் அவர் அதை மிதவைக்குள் வைத்துவிடுவார், இல்லாவிட்டால் இறக்கையின் தாங்குகம்பியில் கட்டிவிடுவார். பைலட் அறைக்குள் அது வெடித்தால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் டொராண்டோவில் இருக்கிறேன், அண்ணன் அமெரிக்கக் குடிமகன், போர்ட்லண்டில் இருக்கிறார். இருவரும் சேர்ந்து அலாஸ்காவில் கேரிபூ வேட்டைக்குப் போக நான்கு பவுண்டில் நல்ல கூடாரம் சொல்லுங்களேன்.

பதில்: கூடாரம் இருக்கட்டும். அமெரிக்கக் குடிமகனாகவோ அமெரிக்காவில் குடியிருப்பவராகவோ இல்லாத ஒருவர் அலாஸ்காவில் எந்தப் பெரிய மிருகத்தை வேட்டையாடினாலும் உரிமம் பெற்ற வழிகாட்டி கூடவே இருக்க வேண்டும். கேரிபூவும் அதில் அடக்கம். அண்ணன் கூட வருவது போதாது. வழிகாட்டி வைத்தால் பெரும்பாலும் கூடாரமும் அவருடையதாகவே இருக்கும். முதலில் அவரைப் பிடியுங்கள், கூடாரக் காசு மிச்சம்.

கேள்வி: 12 வருடத்துக்கு முன் வாங்கிய நல்ல மலைக்கூடாரம் ஒன்று பரணில் இருக்கிறது. இரண்டே தடவைதான் உபயோகித்தேன். அதையே கொண்டுபோகலாமா?

பதில்: இன்று சாயங்காலமே இறக்கி விரித்துப் பாருங்கள். துணி ஒன்றோடொன்று ஒட்டுகிறதா? வாந்தி மாதிரி ஒரு புளித்த வாடை வருகிறதா? வந்தால் முடிந்தது கதை. உட்புறத்துப் பாலியூரிதேன் பூச்சு ஈரக்காற்றிலேயே சிதைந்து போயிருக்கிறது. உபயோகித்தது இரண்டு தடவையா இருபது தடவையா என்பது அதற்குத் தெரியாது. அது தண்ணீர் தாங்காது, பிசினாக உரியும். தையல் மேல் ஒட்டிய நாடா உரிவது மட்டும் என்றால் பிழைத்தீர்கள், பசை வாங்கி அடைக்கலாம். வாடை இல்லை, பிசுபிசுப்பு இல்லை என்றால் தாராளமாகக் கொண்டுபோங்கள். ஆனால் ஒரு ராத்திரியாவது மழையில் வெளியே போட்டு அதற்குள் படுத்துவிட்டுப் போங்கள். கம்பிகளுக்குள் ஓடும் ரப்பர் நூலும் இந்நேரம் தொய்ந்திருக்கும், அதையும் மாற்றிவிடுங்கள்.

கேள்வி: மிருகம் பார்த்துவிடாமல் இருக்கக் கூடாரம் பச்சை அல்லது பழுப்பு நிறத்தில் இருப்பதுதானே நல்லது?

பதில்: மிருகம் பார்க்கக் கூடாது, சரி. பைலட் பார்க்க வேண்டாமா? பச்சையும் பழுப்புமான துந்திராவில் பச்சைக் கூடாரத்தை மேலிருந்து தேடிப் பாருங்கள். எங்கள் பைலட் ஒருவர் ஒரு தடவை பள்ளத்தாக்கை மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு எரிபொருள் போதாமல் திரும்பி வந்தார். கீழே இரண்டு பேர் கையைக் காலை ஆட்டிக்கொண்டு நின்றிருக்கிறார்கள், உடுப்பும் அதே பச்சை. மறுநாள் மழை. அதற்கு மறுநாள்தான் போய்க் கூட்டி வந்தார்.

வாங்குவதாக இருந்தால் ஆரஞ்சோ சிவப்போ வாங்குங்கள். ஏற்கெனவே பச்சை வாங்கிவிட்டீர்கள் என்றால் பரவாயில்லை. அதன்பிறகு பச்சைக் கூடாரத்தோடு வருகிறவர்கள் கையில் ஒரு பெரிய ஆரஞ்சு நிறக் குப்பைப் பையைக் கொடுத்து, திரும்பும் நாளில் கூடாரத்தின் மேல் விரித்துக் கட்டச் சொல்வேன். இரண்டு அவுன்ஸ் இருக்கும். அதை மட்டும் நான் தராசில் வைத்ததில்லை.